பிலோமி காலி செய்த பெஞ்சுகள்

சின்னக்கானல் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள் பிலோமி; குடியிருப்பு லயம் எனும் தொழிலாளர் வரிசை வீட்டில். ஒரே மகள் டின்டுவை, டவுனில் கபிரியேல் நடத்திய இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடத்தில் படிக்க வைத்திருந்தாள். டின்டு ஆறாம் வகுப்பு முடித்தபோது, பெற்றோர் கூட்டத்தில் எல்லோரும் பார்க்க, கபிரியேல் அவளுடைய டி.சி.யை எடுத்து நீட்டினார்.

“லயத்துப் பிள்ளைகள வச்சுக்கிட்டு நான் நூறு சதவீதம் பாஸ் காட்ட முடியாது. கொழுந்து கிள்ள எதுக்கு இங்கிலீஷு?”

சிலர் சிரித்தார்கள். டின்டு தன் ஷூவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிலோமி டி.சி.யை வாங்கி மடித்துக்கொண்டு, மகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தாள். ஜீப்பில் ஏறி உட்கார்ந்தபோது மனசுக்குள் ஒன்றுதான் ஓடியது: அந்த ஆளுடைய பெஞ்சுகளைக் காலி பண்ணாமல் விடுவதில்லை.

மலைமேல் இருந்த, ஒன்றிலிருந்து ஏழு வரையுள்ள அரசு யு.பி. பள்ளியில் ஐந்து முதல் ஏழு வரைக்கும் சேர்த்தே பத்தொன்பது பிள்ளைகள். ஜூனில் ஆறாவது வேலை நாளன்று தலை எண்ணுவார்கள். குறைந்தால் வாத்தியார் பணியிடம் போய்விடும். ஹெட்மாஸ்டர் அழகுமலை பாதி கைவிட்டிருந்தார். மகளைச் சேர்த்த கையோடு பிலோமி அவரிடம் சொன்னாள்: “சார், பிள்ளைகள நான் கொண்டாறேன். படிக்க வைக்கறது ஒங்க பொறுப்பு. ஏமாத்துனா ஒங்களையும் விடமாட்டேன்.”

அவருக்கும் சுருக்கென்றது போல. சனிக்கிழமையும் வகுப்பு வைத்தார். தமிழில் அறிவியல் படிக்கத் திணறிய டின்டு, முட்டி மோதிக் கரையேறினாள். அந்த வருஷம் ஸ்காலர்ஷிப் பரீட்சையில் அந்தப் பள்ளியிலிருந்து நாலு பேர் ஜெயித்தார்கள். அதில் டின்டு உட்பட இரண்டு பேர் கபிரியேல் டி.சி. கொடுத்து விரட்டியவர்கள். பிலோமி நாலு முகத்தையும் ஃப்ளெக்ஸ் அடித்து, அவருடைய கேட்டுக்கு நேர் எதிரே கட்டினாள். அந்த இருவர் படத்துக்குக் கீழே, எந்தப் பள்ளி வேண்டாமென்றது என்பதையும் எழுத வைத்தாள்.

பிறகு ஞாயிறுதோறும் சர்ச்சில் பூசை முடிந்ததும் லயம் லயமாக ஏறி இறங்கினாள். மூன்றாவது ஜூனில் தலை எண்ணியபோது எண்பத்து மூன்று. கபிரியேல் ஐந்து முதல் ஏழு வரை மூடிவிட்டார். அவரது வேன் மலையேறுவதும் நின்றது.

ஒருநாள் கபிரியேல் கொழுந்து நிறுக்கிற இடத்துக்கே வந்து, “போதும் பிலோமி” என்றார். தாழ்ந்த குரல்.

“எம்புள்ளய அத்தன பேர் முன்னால நிறுத்துனப்ப, போதும்னு ஒங்களுக்குத் தோணலியே சார்” என்றாள் அவள். மூட்டையைத் தராசில் வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

கபிரியேல் பள்ளியில் ஆயாவாக இருந்த சின்னத்தாய், பிலோமியின் நாத்தனார், வேலை இழந்ததிலிருந்து கோயிலில் அவளுக்கு முகம் கொடுப்பதில்லை. அது மட்டும் பிலோமியை உறுத்தும். ஆனாலும் கபிரியேலிடம் நாலாம் வகுப்பு வரை இன்னும் மிச்சமிருக்கிறது. இந்த மே மாதம் அந்தப் பிள்ளைகளின் வீடுகளுக்கு அவள் ஏற ஆரம்பித்துவிட்டாள்.