ஏணிக்குக் காட்டாத விரல்

அணியிலேயே குள்ளமானவளுக்கு ஏணி என்று பெயர் வைத்தவர் எக்ஸ்ரே அண்ணன். மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பது அவர் உத்தியோகம். சாயங்காலம் பெண் ஊழியர்களைச் சேர்த்துக் கூடைப்பந்து ஆடவைப்பது அவருடைய கிறுக்கு. நர்ஸ், சமையல்காரி, கணக்கர் என்று யார் ஓடத் தயாரோ அவர்களையெல்லாம் பிடித்துப் போட்டிருந்தார். துணி துவைக்கும் பிரிவிலிருந்து அகப்பட்டவள்தான் இவள்.

ஒரு நாள் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தவர்களிடம் அவர் ஆட்டம் பிறந்த கதையைச் சொன்னார்.

"முதல்ல வளையமெல்லாம் கிடையாது. பழக்கூடையை மேலே மாட்டி வெச்சு ஆடினாங்க. அடியில ஓட்டை இல்லாத கூடை. பந்து விழுந்தா உள்ளேயே உட்கார்ந்துக்கும். யாராவது ஏணி வெச்சு ஏறி எடுத்துப் போட்டாத்தான் மறுபடி ஆட்டம். கூடை போட்டவனுக்குக் கைதட்டினாங்க. ஏணியில ஏறினவனை யாராவது கண்டுக்கிட்டாங்களா?"

"நீங்களாவது கண்டுக்கோங்கண்ணே," என்றாள் குள்ளச்சி. "தினமும் நான்தான் பந்து பொறுக்கிக் கொடுக்கறேன்."

"சரி, இனிமே நீதான் ஏணி."

"என் உயரத்துக்கு முக்காலின்னு வெச்சாக்கூடப் போதும்ணே."

எல்லாரும் சிரித்தார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது.

அன்றைக்கே அண்ணன் ஒரு சட்டமும் போட்டார். கூடை போட்டவள் திரும்பி ஓடும்போது, பந்து கொடுத்தவளைப் பார்த்து ஆள்காட்டி விரலை நீட்ட வேண்டும். அதுவும் பந்தைப் போட்ட கையாலேயே. மறந்தால் மறுநாள் மைதானத்தைச் சுற்றி ஓட்டம். அவர்கள் ஆடிய போட்டிகளில் கூடை போட்டவளுக்குத்தான் புள்ளித் தாளில் இடம். கொடுத்தவளுக்கு ஒரு கோடுகூடக் கிடையாது. அதையும் எண்ணி எழுதும் பழக்கம் அந்தப் பக்கமெல்லாம் வெகு காலம் கழித்துத்தான் வந்தது. ஆகவே அந்த விரல்தான் ஏணி சம்பாதித்த புள்ளி. அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்த நெட்டைப் பெண்தான் அணியின் முதுகெலும்பு. இருவரும் ஒரே டிபன் பெட்டியில் சாப்பிடுகிற அளவுக்குத் தோழிகள். ஏணி எங்கே பந்தை எறிவாள் என்று அவளுக்குத் தெரியும். அவள் எந்தப் பக்கம் திரும்புவாள் என்று இவள் முதுகுக்கே தெரியும்.

நூற்பாலைப் பெண்களோடு இறுதி ஆட்டம் நடந்த அன்று நெட்டைக்கு எதை எறிந்தாலும் உள்ளே விழுந்தது. முதல் பாதியில் ஒவ்வொரு கூடைக்கும் ஒழுங்காக விரல் நீண்டது. இரண்டாம் பாதியில் கூட்டம் அவள் புள்ளிகளைச் சத்தமாக எண்ணத் தொடங்கியது. அதற்கு மேல் அவள் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து ஓடினாள். ஏணி பந்தைப் பறித்தாள், கொடுத்தாள், திரும்பிப் பார்த்தாள். மறுபடி பறித்தாள், கொடுத்தாள், திரும்பிப் பார்த்தாள். விரல் வரவில்லை. சட்டம் போட்ட அண்ணனும் ஓரத்தில் குதித்துக்கொண்டிருந்தார்.

அறுபத்திரண்டு புள்ளிகள். அந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்தப் பெண்ணும் ஒரே ஆட்டத்தில் அவ்வளவு போட்டதில்லை. அன்றிலிருந்து நெட்டைக்குப் பெயரே அறுபத்திரண்டு என்றாகிவிட்டது.

குழாயடியில் முகம் கழுவும்போது ஏணி கேட்டாள். "விரல் எங்கடி?"

"அடிப் பாவி, நான் மறந்தே போயிட்டேன். அடுத்த ஆட்டத்துல எல்லாத்தையும் சேர்த்துக் காட்டறேன், போ."

அடுத்த ஆட்டம் நடக்கவில்லை. மருத்துவமனை கைமாறியது. புது நிர்வாகம் வளையத்தைக் கழற்றிவிட்டு மைதானத்தில் வண்டி நிறுத்த இடம் போட்டது. ஆளுக்கொரு திசையாகக் கலைந்தார்கள்.

அறுபத்திரண்டை விழாக்களுக்குக் கூப்பிட்டார்கள். அவள் மேடையில் பயிற்சியாளருக்கு நன்றி சொன்னாள், தன் அப்பாவுக்குச் சொன்னாள், கடவுளுக்கும் சொன்னாள். ஒரு முறை ஏணி கடைசி வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்டுவிட்டு, பேச்சு முடியுமுன் எழுந்து பஸ்ஸைப் பிடித்தாள். யாரிடம் போய் என்னவென்று சொல்வது? விரல் காட்டவில்லை என்று அழுதால் ஊர் சிரிக்காதா?

ஏணியின் கணவர் வருடக்கணக்கில் படுத்த படுக்கையாக இருந்து போனார். அவரைப் பார்த்துப் பழகிய கையை வீணாக்காமல், முறையாகப் பயிற்சி எடுத்து அதையே தொழிலாக்கிக்கொண்டாள். உடம்பைப் புரட்டிப் போடுவது, முதுகில் புண் வராமல் காப்பது, புரை ஏறாமல் கஞ்சி ஊட்டுவது எல்லாம் அவளுக்குக் கைவந்தது. இன்னொன்றும் வந்தது. "அம்மா என் கையை அழுத்தினாங்க சிஸ்டர், என்னைத் தெரியுது!" என்று வீட்டார் கண் கலங்கி ஓடிவருவார்கள். "அது நரம்பு தானா இழுக்கறதுங்க. அதை நம்பி மனசை வளர்த்துக்காதீங்க," என்பாள் ஏணி. சிலர் கோபித்துக்கொண்டு வேறு ஆள் பார்த்ததும் உண்டு. பொய்யான நம்பிக்கை படுக்கைப் புண்ணைவிட ஆழமாகப் போகும் என்பது அவள் கண்டது.

அப்படியிருந்த காலத்தில்தான் அறுபத்திரண்டின் மகன் அவளைத் தேடி வந்தான். "சித்தி, அம்மாவுக்கு ஸ்ட்ரோக். பேச்சு இல்லை, வலது பக்கம் சுத்தமா வரலை. வெளியாள் வந்தா முகத்தைத் திருப்பிக்கறாங்க. நீங்க வந்தா..."

போனாள். கட்டிலில் கிடந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் தண்ணீர் நிறைந்தது. இந்த நோயில் கண்ணீர் சும்மாவே வரும் என்பது ஏணிக்குத் தெரியும். "என்னடி, உன் நீளத்துக்குக் கட்டில் பத்தலையே," என்றபடி போர்வையை விலக்கி முதுகைப் பார்த்தாள். நல்லவேளை, புண் இல்லை.

அன்றிலிருந்து பகல் முழுக்க அவளுடைய பொறுப்பு. அன்று பந்து போட்ட அந்த வலது கையின் விரல்கள் உள்ளே மடங்கிக்கொண்டே வந்தன. சிறிய துண்டை உருளையாகச் சுருட்டி உள்ளங்கையில் வைத்து, விரல்களை அதன்மேல் படியவைத்து, நழுவாதபடி பேண்டேஜ் துணியால் சுற்றிக் கட்டிவிடுவாள். நகம் உள்ளங்கையைக் கிழிக்காமலிருக்க அது அவள் வழி. பிறகு கையைத் தலையணைமேல் ஏற்றிப் போர்த்திவிடுவாள்.

ஒரு நாள் மகன் அவளைச் சமையலறைக்குக் கூப்பிட்டான். "சித்தி, யாரோ ஒரு பொண்ணு அம்மாவோட சாதனையை உடைச்சிட்டா. இப்பதான் தூரத்துலேர்ந்து போட்டா மூணு பாயின்ட் ஆச்சே. அம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

"ஏன்?"

"மனசு உடைஞ்சிடுவாங்க."

"உடையறதுக்கு இன்னும் என்னப்பா மிச்சம்? பேச்சு போச்சு, நடை போச்சு. சேதியாவது நேரா வரட்டும். உன் போனைக் கொடு."

மதியக் கஞ்சி முடிந்து, வாயைத் துடைத்து, தலைமாட்டை உயர்த்தி வைத்துவிட்டுக் காட்டினாள். போன் திரையில் ஒரு ஒல்லிப் பெண் கூடைமேல் கூடை போட்டாள். "பாருடி, உன் கணக்கைத் தாண்டிட்டா. நம்ம காலத்துல அந்த மூணு பாயின்ட் கோடு இருந்திருந்தா நீயும் இன்னும் போட்டிருப்பே. சும்மா மூஞ்சியைத் தூக்காதே."

அறுபத்திரண்டு மூஞ்சியைத் தூக்கவில்லை. வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். திரையில் அந்தப் பெண் கடைசிக் கூடையைப் போட்டாள். கூட்டம் கத்தியது. அவள் திரும்பி ஓடினாள். ஓடியபடியே தனக்குப் பந்து கொடுத்த குட்டைப் பெண்ணைப் பார்த்து விரலை நீட்டினாள்.

ஏணி திரையிலிருந்து கண்ணை எடுத்தாள். அறுபத்திரண்டு இப்போது திரையைப் பார்க்கவில்லை. இவளைப் பார்த்தாள். தொண்டையில் ஏதோ ஒரு சத்தம். வலது தோள் ஒரு தரம் எகிறியது. போர்வைக்குள் தலையணை அசைந்தது.

ஏணி போனைக் கட்டில்மேல் போட்டுவிட்டுப் போர்வையை இழுத்தாள். உள்ளே கை இருந்தது; ஐந்து விரல்களும் துண்டோடு சேர்த்து இறுகக் கட்டப்பட்டிருந்தன. அவளே காலையில் போட்ட முடிச்சு. எந்த விரலாவது எழ நினைத்திருந்தாலும் எழ வழியில்லை.

முடிச்சு சீக்கிரம் அவிழவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள். துண்டை உருவினாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, உள்ளங்கையைத் தன் முகத்தைப் பார்க்கத் திருப்பி வைத்தாள்.

"இப்ப பண்ணுடி," என்றாள். "எனக்குத்தானே? பண்ணு."

விரல்கள் மெதுவாக, பழையபடி உள்ளே மடங்கின.

போனை எடுத்து மறுபடி ஓடவிட்டாள். அதற்குள் அறுபத்திரண்டின் கண் செருகிவிட்டது. சாப்பாட்டுக்குப் பின் அவளுக்குத் தூக்கம் வரும் நேரம் அது. ஏணி அன்று அந்தக் கையைக் கட்டவில்லை. மறுநாளும் கட்டவில்லை. மடியில் வைத்துக்கொண்டு பார்த்தபடியே இருந்தாள். நகம் உள்ளங்கையில் சிவப்பாகக் கோடு போடத் தொடங்கியதும் துண்டைச் சுருட்டி மறுபடி கட்டினாள்.

அந்த வாரக் கடைசியில் இரண்டாவது ஸ்ட்ரோக். மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

காரியங்களெல்லாம் முடிந்த பிறகு மகன் அவள் பக்கத்தில் வந்து நின்றான். "சித்தி, நீங்கதான் கூடவே இருந்தீங்க. அம்மா கடைசியா ஏதாவது சொல்ல முயற்சி பண்ணாங்களா?"

ஏணி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"தோள் ஒரு தரம் எகிறுச்சு," என்றாள். "அது நரம்புப்பா."

எல்லா வீட்டிலும் சொல்கிற அதே குரலில்தான் சொல்லப் பார்த்தாள். முடிந்தவரை வந்தது. பிறகு உள்ளே போய்ப் படுக்கையை உதறினாள். வண்டியில் ஏற்றும் அவசரத்தில் அவிழ்த்துப் போட்ட அந்தத் துண்டு தலையணைக்கடியில் கிடந்தது. உருளையின் ஒரு பக்கம் விரல்கள் பதிந்து பள்ளமாகியிருந்தது. அதைப் பிரித்து, வாளியிலிருந்த சோப்புத் தண்ணீரில் அமுக்கினாள்.