பின்னால் வந்த படகுக்குக் கோப்பை

ஜோடி மாட்டில் ஒன்றை விற்று ஒருவன் படகுக்குப் பாய் வாங்கினான் என்றால் எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் யார் நம்புவார்கள்? என் சின்ன மாமா வாங்கினார். பந்தயக் காளைகள் அவருக்கும் பெரிய மாமாவுக்கும் ஆளுக்கொன்று. இரண்டும் ஒன்றாகப் பழகி ஓடியவை. ஒன்றில்லாமல் மற்றது பந்தயத்துக்கு ஆகாது. சின்ன மாமா தன் காளையை ஒரு வியாபாரியிடம் பிடித்துக் கொடுத்துவிட்டுக் கொச்சிக்குப் போனார்; பாய்த்துணியோடு வந்து இறங்கினார்.

அன்றைக்குத் தம்பியோடு பேச்சை நிறுத்தியவர்தான் பெரிய மாமா. வருஷக்கணக்கில் நீண்டது. எங்கள் வீட்டு விசேஷங்களில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தாலும், அவனுக்கு ரசம் வேண்டுமா கேள் என்று என் அம்மாவிடம்தான் சொல்வார். அம்மா இரண்டு பேருக்கும் நடுவில் பிறந்தவள். இருபக்கமும் இழுபட்டே இளைத்துப்போனாள்.

படகு, மலைமேல் எஸ்டேட்டிலிருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊர் திரும்பும்போது விட்டுப்போனது. அவருடைய மோட்டார்களைப் பழுது பார்த்தவர் சின்ன மாமா. குடும்பத்தோடு ஏறி நாள் முழுக்கச் சாவகாசமாக மிதப்பதற்கென்று செய்த படகு அது. உள்ளே படுக்கப் பலகை உண்டு, டீ போட ஸ்டவ் வைக்கும் மாடம்கூட உண்டு. அதைத்தான் வைகை அணைக்குக் கொண்டுபோய்ப் பந்தயம் விட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் பாய்ப்படகு ஓட்டும் சங்கம் ஒன்று அங்கே இருந்தது. இன்ஜினியர்கள், மில்காரர்கள், எஸ்டேட்காரர்கள் எல்லோரிடமும் ஒல்லி ஒல்லியான புதுப்படகுகள். அவற்றின் நடுவே மாமாவின் படகு கல்யாணத்துக்கு வந்த கர்ப்பிணி மாதிரி அசைந்து போகும். தேனி கடைவீதியில், "மாட்டை வித்துக் காத்தை வாங்கினவரு வாராரு" என்பார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

அந்த ஆடி மாதம் அம்மா ஒரு வேலை செய்தாள். அணையைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிப் பெரிய மாமாவின் ஜீப்பில் என்னையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். தம்பி ஒரு தடவையாவது ஜெயிப்பதை அண்ணன் கண்ணால் கண்டுவிட்டால் மனசு இளகிவிடும் என்பது அவள் கணக்கு. அங்கே போய்ப் பந்தயத்தைப் பார்த்ததும் பெரிய மாமாவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. கரையோரம் ஒரு வேப்பமரத்தடியில், தண்ணீருக்குப் பாதி முதுகைக் காட்டி உட்கார்ந்து, எனக்குக் கடலை உரித்துக் கொடுத்தார்.

கூடலூர்க் கணவாயிலிருந்து காற்று அடித்துக்கொண்டிருந்தது. தண்ணீரில் மிதக்கவிட்ட சிவப்புப் பீப்பாய்களைச் சுற்றித் திரும்பி வரவேண்டும். வெள்ளைப் படகு ஒன்று முதலில் வந்தது. அதற்குப் பின் இன்னும் இரண்டு. அப்புறம்தான் எங்கள் மாமா. அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது.

மாட்டுப் பந்தயத்தில், யார் வண்டி முதலில் வந்தாலும் சாரதிக்குத் துண்டு போர்த்துவது பெரிய மாமாவின் வழக்கம். எதிராளி வண்டியென்றாலும் போர்த்துவார். அந்தப் பழக்கத்திலேயே எழுந்து போய், வெள்ளைப் படகுக்காரப் பையனுக்குத் தன் தோள் துண்டைப் போர்த்திவிட்டார். அவன் திகைத்துப்போய்க் கும்பிட்டான்.

அதன்பிறகுதான் கோப்பை சின்ன மாமாவுக்கு என்று அறிவித்தார்கள். பழைய படகு, கனமான படகு என்பதால் அது ஓடிய நேரத்தில் பதினோரு நிமிடத்தைக் கழித்துவிடுவார்களாம். கழித்துப் பார்த்தால் இவர்தான் முதல். ஹேண்டிகேப் என்று அதற்குப் பெயர். சங்கத்துக்காரர் பொறுமையாக விளக்கினார். பெரிய மாமா ஒத்துக்கொள்ளவில்லை.

"சின்ன மாட்டைப் பெரிய மாட்டோட ஓடவிட்டதே தப்பு. விட்டப்புறம் என்னய்யா சலுகை? முன்னால வந்தவுகளுக்குக் குடுங்க."

சின்ன மாமா கோப்பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். எனக்கு அவமானமாக இருந்தது. பிச்சை வாங்கி வந்தவர் மாதிரிப் பட்டது.

எப்போதும்போல் சின்ன மாமா பஸ்ஸுக்கு நடக்கப் பார்த்தார். அம்மா ஜீப்பை மறித்து நின்றுகொண்டாள். "ரெண்டு பேரும் ஒரே வண்டியில ஏறலைன்னா நான் நடந்தே வாரேன்" என்றாள். ஏறினார்கள். பின் சீட்டில் சின்ன மாமா, அவர் மடியில் கோப்பை, பக்கத்தில் நான்.

ரொம்ப தூரம் எஞ்சின் சத்தம் மட்டும்தான். அப்புறம், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் பெரிய மாமா கேட்டார்:

"ஏலே, அந்தக் கடைசிப் பீப்பாயில என்னத்துக்கு அம்புட்டு அகலமா வளைச்ச?"

அம்மா சட்டென்று வெளிப்பக்கம் திரும்பிக்கொண்டாள். சின்ன மாமா கோப்பையை என் மடிக்கு மாற்றிவிட்டு முன் சீட்டுப் பக்கம் குனிந்தார்.

"ஒடிச்சுத் திருப்பினா நின்னு போகும்ணே. கனமான படகு."

"நம்ம மாடுந்தான் கனம். திருப்பத்துல நின்னுச்சா? அங்கனதாண்டா ரெண்டு படகை முன்னால விட்ட."

தேனி வந்துசேரும் வரைக்கும் திட்டுதான். பாயை இழுத்த விதம் சரியில்லை, மற்றவர்களுக்கு வழிவிட்டது சரியில்லை, கிளம்பும்போதே தூங்கிவிட்டாய் என்று ஒன்று விடாமல் சொன்னார். கோப்பை வாங்கியவரை இப்படியா பேசுவது என்று எனக்குப் பொறுக்கவில்லை. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அவளையும் அழவைத்துவிட்டாரே என்று பெரிய மாமா மேல் கோபம். இத்தனையும் வாங்கிக்கொண்டு, "ஆமாண்ணே, ஆமாண்ணே" என்று வெட்கமில்லாமல் சிரித்துக்கொண்டு வந்த சின்ன மாமாவின் மேல் அதைவிடக் கோபம். இறங்கியதும் நான் இரண்டு பேரோடும் 'டூ' விட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விட்டேன்.