விளக்குப் பிடித்து நிற்பவன்

மயூர் விஹாரில் நான் வாடகைக்கு இருந்த அறையின் வீட்டுக்கார அம்மாள், ஒரு நாள் காலை, கட்டிலுக்கடியில் பெருக்கும்போது கிடைத்ததென்று ஒரு பொருளை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். நீல நிறம், நெல்லிக்காய் அளவு, இருபது முகங்கள், ஒவ்வொரு முகத்திலும் ஓர் எண். “யே க்யா ஹை, பேட்டி?” இது என்ன, மகளே என்றார். விளையாட்டுச் சாமான் என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். புதிதாகக் கற்ற இந்தியைப் பயன்படுத்திப் பார்க்கும் ஆசையில், நாங்கள் சேர்ந்து கதை சொல்வோம், யார் சாவார்கள் என்பதை இது சொல்லும் என்று விளக்கினேன். அவர் அதை மெல்ல என் தலையணை மேல் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போனார். சாயங்காலம் ஒரு தட்டில் ஹல்வாவோடு திரும்பி வந்தார். மகன் கனடா விசாவுக்கு எழுதிப் போட்டிருக்கிறான், அதைக் கொஞ்சம் கேட்டுச் சொல்ல முடியுமா என்றார். “மதராஸி லோக் யே சப் ஜான்தே ஹைன்”, மதராஸிகளுக்கு இதெல்லாம் தெரியும் என்று அவரே முடிவும் செய்துகொண்டார். மறுக்கும் அளவுக்கு என்னிடம் இந்தி இல்லை. உருட்டினேன். பதினேழு வந்தது. நல்ல எண்தான் என்றேன். அந்த மாதம் முழுக்க எனக்குக் காலைச் சாயாவில் இஞ்சி கூடுதலாக விழுந்தது.

ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு அந்தப் பகடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு மேசை, சில பேர், ஒரு கதை. ஆளுக்கொரு பாத்திரம். ஒருத்தி வில்லாளி, ஒருவன் வாள்வீரன், ஒருவன் மருத்துவன். அவர்கள் போகும் காடு, நுழையும் குகை, எதிர்ப்படும் பகைவர்கள் எல்லாவற்றையும் சொல்லி நடத்துபவருக்குக் கேம் மாஸ்டர் என்று பெயர். வாளை வீசினேன் என்று சொன்னால் போதாது. அடி பட்டதா என்பதைப் பகடை சொல்லும். ஒரு கதை ஒரே நாளில் முடியாது. வாராவாரம், மாதக்கணக்கில் நீளும். எங்கள் மேசைக்கு நான்தான் கேம் மாஸ்டர்.

கோவில்பட்டியிலிருந்து படிப்பு முடித்த கையோடு தில்லிக்கு வந்தவள் நான். மின்தொடரமைப்புக் கணக்குப் போடும் ஓர் அலுவலகத்தில் வேலை. ஒரு மின் நிலையம் திடீரென்று நின்றுபோனால் மிச்சமுள்ளவை அந்தச் சுமையைத் தாங்குமா, தாங்காமல் ஒவ்வொன்றாக விழுமா என்று பார்ப்பதுதான் நாள் முழுக்க. வார நாட்களில் பிரச்சினை இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு நான் ஒரு பட்டியல் வைத்திருந்தேன்: துணி துவைத்தல், காய்கறி, அம்மாவுக்குப் போன், தலைக்குக் குளித்தல். மத்தியானத்துக்குள் பட்டியல் தீர்ந்துவிடும். அதன்பின் அந்த நகரத்தில் என்னை எதிர்பார்த்து ஓர் ஆள் இல்லை. இதை உணர்ந்தாளோ என்னவோ, அலுவலகத்தில் பக்கத்து மேசையில் இருந்த நந்திதா என்ற வங்காளிப் பெண், “சண்டே ஃப்ரீ ஹோ? கணக்கு போட ஆள் வேணும்” என்று இந்தியில் கேட்டு அழைத்துப் போனாள்.

அழைத்துப் போனது கிட்வாய் நகர் அரசுக் குடியிருப்பில் முரளியின் வீட்டுக்கு. முரளி தில்லியில் பிறந்தவன், எம்.எஸ்சி. படித்துக்கொண்டிருந்தான். அப்பாவுக்கு மத்திய அரசு வேலை, பூர்வீகம் கும்பகோணம். முரளியின் கல்லூரி நண்பன் ரோஹித், அமெரிக்காவில் இருக்கும் மாமா மகனிடமிருந்து அந்தப் பகடைகளையும் விதிப்புத்தகத்தின் நகலையும் வாங்கி வந்திருந்தான். புத்தகத்தில் ஒவ்வொரு பகைவனுக்கும் பலம், சாகும்வரை எவ்வளவு அடி தாங்குவான் என்ற உயிர்ப்புள்ளி, அடி என்று அட்டவணைகள். மற்ற மூவரும் அதைப் பார்த்துத்தான் பயந்திருந்தார்கள். எனக்கு அதைப் பார்த்ததும்தான் தில்லி கொஞ்சம் பழகியது போலிருந்தது. முரளியின் அப்பா செய்தித்தாளை இறக்கிவிட்டு, “வாம்மா. இன்னைக்கு யாரைக் கொல்லப் போறேள்?” என்பார். உள்ளேயிருந்து அவன் அம்மா, “மாடு மாதிரி வளந்தாச்சு, ஒக்காந்து தாயம் உருட்டறான்” என்பார். சொல்லிவிட்டு உப்புமா கொண்டு வந்து வைப்பார். முரளி என்னை முதல் நாளே அக்கா என்றான். அவன் தமிழ், தாய் பேசும் கும்பகோணமும் தெரு பேசும் இந்தியுமாக இருந்தது. படிக்கத் தெரியாது.

சண்டையைச் சமன் செய்வது என்று ஒன்று உண்டு. கேம் மாஸ்டரின் வேலையில் பாதி அதுதான். பகைவர்கள் பலவீனமாக இருந்தால் ஆட்டம் சலிக்கும். பலம் கூடினால் எல்லாரும் செத்து, மாதக்கணக்கில் வளர்த்த கதை ஒரு மத்தியானத்தில் முடியும். ஒருவர் ஒரு சுற்றில் எவ்வளவு அடிப்பார், எத்தனை சுற்று தாங்குவார், விழுந்தால் யார் எழுப்புவார் என்று கூட்டிக் கழித்து, தோற்றுவிடுவோம் என்று பயந்து கடைசியில் ஜெயிக்கும் இடத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அப்படியும் பகடை சில நாள் கொடுமையாக விழும். அதனால் எனக்கு முன்னால் ஓர் அட்டையை நிறுத்தி, அதன் பின்னால் உருட்டி, எண்ணைக் கொஞ்சம் தணித்துச் சொல்வேன். எல்லாக் கேம் மாஸ்டர்களும் செய்வதுதான். ஒரு நாள் முரளி சிரித்துக்கொண்டே, “அக்கா, நீங்க டைஸைப் பாக்கறதுக்கு மொதல்லயே நம்பர் சொல்லிடறேளே” என்றான். ரோஹித் மேசையில் தட்டி, “சீட்டிங்! சாலோன் ஸே சீட்டிங்!”, வருஷக்கணக்காக ஏமாற்று என்று கத்தினான். அன்றோடு அட்டை போயிற்று. பகடை எல்லார் கண் முன்னாலும் விழும், விழுந்தது விழுந்ததுதான் என்று முரளி விதி போட்டான்.

எங்கள் மேசைக்கென்றே இன்னொரு விதி இருந்தது; அது புத்தகத்தில் கிடையாது. ரோஹித் ஒரு ஞாயிறு கல்யாணத்துக்குப் போய்விட்டான். அவன் வாள்வீரனை என்ன செய்வது? கொன்றுவிடலாமா, குதிரையோடு வெளியே கட்டிப்போடலாமா என்று முரளி கேட்டான். நந்திதாதான், “லால்டேன் பக்டா தோ பேசாரே கோ” என்றாள். பாவம், கையில் லாந்தரைக் கொடுத்துவிடுங்கள். அப்படியே விதியாயிற்று. வராதவருடைய ஆள், கூட்டத்தின் பின்னால் விளக்குப் பிடித்து நிற்பான். பகைவன் அவனைத் தொட முடியாது. அவனும் எதையும் தொட முடியாது.

அந்த விதியை நான் உடனே ஒப்புக்கொண்டதற்குக் காரணம், அது எனக்கு ஏற்கெனவே தெரிந்திருந்ததுதான். ஊரில் என் பெயர் ரேஷன் கார்டில் அப்படியே இருந்தது. என் தட்டு அலமாரியில் இருந்தது. ஆனால் அப்பாவுக்கு ஆப்பரேஷன் நடந்ததை, அவர் வீட்டுக்கு வந்து நடமாடத் தொடங்கிய பிறகுதான், வாய் தவறிய தம்பி மூலம் தெரிந்துகொண்டேன். அதுவரை ஒவ்வொரு ஞாயிறும் நான் கேட்பதற்கு முன்பே அம்மா, “இங்க எல்லாரும் நல்லா இருக்கோம்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஏன் மறைத்தாய் என்று கேட்டதற்கு, “ஒங்கிட்டச் சொல்லி என்னட்டி ஆவப்போவுது? நீ அங்கன தனியாக் கெடந்து பொலம்புவ” என்றாள். கோபத்தில் சொல்லவில்லை. என்மேல் எதுவும் பட்டுவிடக் கூடாதென்றுதான் சொன்னாள்.

முரளியின் அப்பா ஓய்வு பெற்றார். அரசுக் குடியிருப்பில் இருக்கிறவர்களுக்கு ஓய்வு என்றால் வேலை மட்டும் போவதில்லை. சில மாதங்களில் வீட்டையும் ஒப்படைக்க வேண்டும். மயூர் விஹாரில் முன்பே ஃபிளாட் வாங்கிப் போட்டவர்கள் அங்கே போவார்கள். வாங்காதவர்கள் ஊருக்குப் போவார்கள். முரளியின் வீட்டில் வாங்கியிருக்கவில்லை. அவன் படிப்பும் அந்தக் கோடையோடு முடிந்திருந்தது; அப்பாவுக்கு நெஞ்சுவலி வேறு வந்து போயிருந்ததால், அவர்களைத் தனியாக அனுப்ப அவனுக்கு மனம் இல்லை. “நாங்க ஊருக்குத் திரும்பறோம்” என்று அவன் அம்மா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். முரளி ஒரு நாள் மாடிப்படியில் என்னிடம், “திரும்பறோம்னா எப்படி அக்கா? நான் அங்கேர்ந்து வரவே இல்லையே” என்றான். அங்கே பஸ் போர்டு எல்லாம் தமிழில் மட்டும்தான் இருக்குமா என்று கேட்டான். கும்பகோணத்தை நான் ஒரே ஒரு தடவை, கல்லூரிச் சுற்றுலாவில் பார்த்திருந்தேன். யாரையாவது கேட்டால் சொல்வார்கள் என்றேன். கட்டில்களும் ஸ்டீல் டிரங்குகளும் லாரியில் ஏறிய நாளில், அவன் ஆடிய மருத்துவனாக மேசையில் நின்ற காது உடைந்த சதுரங்கக் குதிரையை என் கையில் கொடுத்தான். “டாக்டர் சாபைப் பாத்துக்கோங்கோ. லீவுல வந்தா ஆடறேன்.”

அதன் பிறகு சில ஞாயிறுகள் யாரும் கூடவில்லை. இடமும் இல்லை. என் அறைக்கு ஆண்கள் வரக் கூடாது. கடைசியில் கோல் மார்க்கெட் பக்கம் நந்திதாவின் பெரியப்பா வீட்டில் ஓர் அறை கிடைத்தது. ரோஹித்துக்கு அதற்குள் குர்காவ்னில் வேலை கிடைத்திருந்தது. “ஏக் பார் தேக்தே ஹைன்” என்றான் போனில். ஒரு தடவை வந்து பார்க்கிறேன், நன்றாக இருந்தால் தொடரலாம் என்று பொருள். அந்த ஒரு தடவையில்தான் என் ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தன. அந்த வாரம் முழுக்க நான் தயார் செய்தேன். தூத்துக்குடி பஸ்ஸின் ஜன்னலிலிருந்து பார்த்த உப்புக் குவியல்களை நினைத்து ஓர் உப்புச் சுரங்கம், அதற்குள் உப்பால் ஆன மனிதர்கள், வெட்டினால் இரண்டாகப் பிளந்து மறுபடி சேர்கிறவர்கள். எண்களை மூன்று முறை சரிபார்த்தேன். சமன் மிக அழகாக அமைந்திருந்தது.

சாயா வந்தது. குதிரையைப் பின்னால், விளக்குக்காக வைத்திருந்த மஞ்சள் கேரம் காய்க்குப் பக்கத்தில் நிறுத்தினேன். ரோஹித், “உப்பு ஆளா? இவனுக மேல எலுமிச்சை பிழிஞ்சா போதும்!” என்று இந்தியில் சொல்ல, நந்திதா சிரித்தாள். எனக்கு வெகுநாளைக்குப் பின் நெஞ்சு லேசானது. முதல் சுற்றில் நந்திதாவின் வில்லாளிக்கு அடி. அது கணக்கில் இருந்தது. இரண்டாம் சுற்றில் அவள் விழுந்தாள். அதுவும் கணக்கில் இருந்தது. என் தாளில் அடுத்த வரி, மருத்துவன் அவளை எழுப்புகிறான் என்று இருந்தது. நான் பேச வாயெடுத்து நின்றுவிட்டேன்.

“க்யா ஹுவா?” என்றாள் நந்திதா.

“தப்பு பண்ணிட்டேன். பலம் கூடிப் போச்சு,” என்று இந்தியில் சொன்னேன்.

ரோஹித் பகைவர்களை விரலால் எண்ணினான். “இது எத்தனை பேருக்குப் போட்ட சண்டை?”

“தீன்.” மூன்று.

அவன் பின்னால் நின்ற குதிரையைப் பார்த்தான். நந்திதாவும் பார்த்தாள். “முரளி கோ பீ கின் லியா,” என்றாள் மெதுவாக. முரளியையும் எண்ணிவிட்டாய்.

வாரம் முழுக்க, ஒன்று விழுந்தால் மற்றவை தாங்குமா என்று பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள், விழுந்த ஒன்றைச் சேர்த்தே கணக்குப் போட்டிருந்தேன். குதிரையைப் பின்னால் நிறுத்தியது என் கைதான். எண்ணும்போது அவன் மேசையில் இருந்தான். இரண்டு பகைவர்களை எடுத்துவிடுகிறேன், மறுபடி தொடங்கலாம் என்றேன். ரோஹித் தலையசைத்து மறுத்தான். “நஹீன் யார். ஜோ கிரா ஸோ கிரா, விழுந்தது விழுந்ததுதான். முரளியோட ரூல்தானே.” முரளி இல்லாத இடத்தில் அவன் கொண்டுவந்த விதியையாவது வைத்திருக்க நினைத்தான் போலும். நான் எல்லார் கண் முன்னாலும் உருட்டினேன். ஒரு தரமாவது குறைவாக விழும் என்று பார்த்தேன். வாள்வீரன் தனியாக இன்னும் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு அவனும் விழுந்தான். சாயாவில் ஆடை கட்டியிருந்தது.

“டாக்டர் சாப்?” என்று கேட்டாள் நந்திதா.

விதிப்படி அவனைத் தொட முடியாது என்றேன்.

ரோஹித் தன் பகடையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, நல்ல சண்டைதான் என்று மரியாதைக்குச் சொல்லிவிட்டுப் போனான். அடுத்த ஞாயிறு அவனும் கூப்பிடவில்லை, நாங்களும் கூப்பிடவில்லை. நந்திதாவும் நானும் அலுவலகத்தில் அதைப் பற்றிப் பேசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பட்டியல் மறுபடி மத்தியானத்தில் தீர்ந்துபோகத் தொடங்கியது.

மழைக்காலம் முடியும்போது முரளி போன் செய்தான். பஸ் நிலையத்தில் நின்றிருந்தான். கண்டக்டர்கள் ஊர்ப்பெயர்களைக் கூவுவது கேட்டது. எனக்குத் தெரிந்த மொழியின் இரைச்சலுக்கு நடுவே அவன் நின்றான். என் ஜன்னலுக்குக் கீழே அவனுக்குத் தெரிந்த மொழியில் காய்கறி வண்டிக்காரன் கூவிக்கொண்டு போனான். இங்கே எல்லாரும் தன்னை இந்திக்காரத் தம்பி என்கிறார்கள் என்றான். பிறகு, “கேம் எப்படிப் போறது அக்கா?” என்றான். நான் சொன்னேன், உப்பு மனிதர்கள் முதல் கடைசி உருட்டல் வரை. கூட்டிக் குறைக்கவில்லை.

“ரெண்டு பேரும் செத்துட்டாளா? நான் மட்டும் இருக்கேனா?”

“ஆமா.”

“அங்க என்ன பண்றேன்?”

“வெளக்கப் பிடிச்சிக்கிட்டு நிக்க.”

அவன் சிரிக்கவில்லை. பஸ் ஒன்று பின்னால் எடுக்கும் சத்தம் கேட்டு அடங்கியது. “எண்ணெய் எவ்ளோ இருக்கு அக்கா?” என்றான்.

உயிர்ப்புள்ளி, அம்பு, ரொட்டி, கயிறு என்று எல்லாவற்றுக்கும் நான் கணக்கு வைத்திருந்தேன். வராதவன் கையிலிருக்கும் விளக்கின் எண்ணெய்க்கு வைத்ததில்லை. வராதவர்கள் அடுத்த வாரம் வந்துவிடுவார்கள் என்ற நினைப்பில் எழுதிய விதி அது. மேசை மேல் குதிரை இருந்தது. பக்கத்தில் நீலப் பகடை. உருட்டித்தான் சொல்ல வேண்டும். நான் அதைத் தொடவில்லை.

“நெறைய இருக்கு முரளி,” என்றேன்.