தமிழில் கேட்கக் கூடாத விடுப்பு

இங்கே ஜெர்மன் வகுப்பில் முதல் வாரம் புத்தகத்தையே திறக்கவில்லை. காலையில் என்ன சாப்பிட்டாய் என்று ஆசிரியை சபீனா ஒவ்வொருவரையும் கேட்டார். மரவள்ளிக்கிழங்குக்குச் சொல் தெரியாமல் நான் மண்ணைத் தோண்டுவதுபோல் கையால் காட்டினேன். தோட்ட வேலையா என்றார். எல்லோரும் சிரித்தார்கள். "தெரியாததை உன் மொழியிலேயே சொல், சேர்ந்து கண்டுபிடிப்போம்" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

நானும் வாத்தியார்தான். மனைவியின் வேலைக்காக இங்கே வரும்வரை, கொல்லிமலையில் ஆலத்தூர் நாடு என்ற பகுதியில் ஒரு சின்னப் பள்ளியில் ஆங்கிலம் நடத்தினேன். பேசிப் பழகினால் மொழி தானாக வரும் என்று ஏதோ பயிற்சியில் கேட்டுவிட்டு வந்து, ஆங்கிலப் பாடவேளையில் தமிழே கூடாது என்று சட்டம் போட்டேன். தண்ணீர் குடிக்க, வெளியே போக, எல்லாம் ஆங்கிலத்தில் கேட்டால்தான் உண்டு. பிள்ளைகள் பேசவில்லை, தாகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். அதை ஒழுக்கம் என்று நினைத்துப் பெருமைப்பட்டேன், மடையன்.

ஒருநாள் ஏழாம் வகுப்புச் செல்வியின் காதில், தாமதமாக வந்த அவளுடைய பக்கத்து வீட்டுப் பிள்ளை ஏதோ சொல்ல, அவள் பதறி எழுந்தாள்.

"சார், ஊட்டுக்குப் போகோணுங்க சார், எங்கப்பா..."

"இங்கிலீஷ்!" என்றேன்.

அவளுக்கு அழுகைதான் வந்தது. உட்காரச் சொன்னேன். மணி அடித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. மிளகு பறிக்க, கொடி படர்ந்திருந்த சில்வர் ஓக் மரத்தில் ஏறிய அவள் அப்பா விழுந்துவிட்டார். அவள் ஓடிப் போவதற்குள் ஜீப் அவரை ஏற்றிக்கொண்டு மலையிறங்கிவிட்டது.

அவர் பிழைத்தார், இடுப்புதான் நேராகவில்லை. இரண்டு மாதம் கழித்துக் கம்பை ஊன்றிக்கொண்டு பள்ளிக்கு வந்தார். திட்டப்போகிறார் என்று பார்த்தால், "புள்ள அன்னைக்கு வகுப்புல அழுதுட்டாளாமுங்க, மனசுல வெச்சுக்காதீங்க சார்" என்றார். பரவாயில்லை என்றேன். ஐயோ, பரவாயில்லை என்றேன்! இன்றும் உடம்பு கூசுகிறது.

போன வாரம் டிராமுக்கு நின்றிருந்தபோது செல்வி போன் செய்தாள். சேலத்தில் நர்சிங் முடித்துவிட்டாளாம், இங்கே வருவதற்கு ஜெர்மன் படிக்கப்போகிறாளாம்.

"சார், ஒண்ணு கேக்கட்டுமுங்களா? அங்க நீங்க படிக்கிற கிளாசுல தெரியலீன்னா தமிழ்ல சொல்லலாமுங்களா? இல்ல, உக்காருன்னு சொல்லிருவாங்களா?"

அவள் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே பயந்துதான் கேட்டாள்.

"சொல்லலாம் கண்ணு. இங்க யாரும் அப்படிச் செய்யமாட்டாங்க."

மன்னிப்புக் கேட்க அதுதான் நேரம். இத்தனை வருடமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்சும் இருந்தது. கண்ணில் நீர் முட்டியது. "சார், இருக்கீங்களா? சார்?" என்று அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் நின்ற பெரியவர் என் முழங்கையைத் தொட்டு, உடம்புக்கு என்ன என்று ஜெர்மனில் கேட்டார். இரண்டு பேருக்கும் சொல்ல, எந்த மொழியிலும் எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை.