வேலிப் பொட்டும் எடுகோளும்

ஊறிய தென்னோலைக் கிடுகின் புளித்த மணம் மூக்கில் ஏறினால், உடுவிலில் எங்கள் வீட்டு வளவுக்கும் பக்கத்து வீட்டுப் புஷ்பம் மாமியின் வளவுக்கும் நடுவில் இருந்த வேலிதான் எனக்கு நினைவுக்கு வரும். அந்த வேலியில் ஒரு "பொட்டு" இருந்தது; ஆள் குனிந்து நுழையும் அளவான இடைவெளி. கறிவேப்பிலைக்கும் கதைக்குமாக அம்மாவும் மாமியும் நாளுக்கு நாலு தரம் அதற்குள்ளால் போய் வருவார்கள்.

வேலி எங்களுடையது. வருடா வருடம் அதைப் புதுக் கிடுகு கட்டி அடைக்கிறவருக்கு அந்த முறை சுகமில்லாமல் போக, வேறு ஊரிலிருந்து இருவர் வந்து, அம்மா பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்த நேரத்தில், பொட்டையும் சேர்த்து வடிவாக அடைத்துவிட்டுப் போனார்கள்.

"எங்கடை ஆடு புஷ்பத்தின்ரை செவ்வரத்தஞ் செடியைக் கடிச்சதெல்லே, அந்தக் கோபத்திலை நான் இல்லாத நேரம் பாத்து நிண்டு அடைப்பிச்சிருக்கிறா" என்றார் அம்மா. போய்க் கேளுங்கோ என்றேன். "கேக்க என்ன கிடக்கு? தெரிஞ்சதுதானே."

மூன்று கிழமை இரண்டு பேரும் கதைக்கவில்லை. சொதி கறிவேப்பிலை இல்லாமலே கொதித்தது. அம்மாவின் முகத்திலும் களையில்லை. எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

அந்த நாட்களில்தான் கேத்திரகணித ஆசிரியை "எடுகோள்" என்ற சொல்லைச் சொல்லித் தந்தார். நிறுவாமல் உண்மையென்று எடுத்துக்கொள்வது எடுகோள். "அதை எழுதாமலே கணக்கைத் தொடங்கிறியள். பேந்து விடை பிழைச்சா, பிழை எங்கை எண்டு தேடித் திரியிறியள்" என்றார். எனக்கு வேலிதான் ஞாபகம் வந்தது. அன்று பின்னேரமே புத்தகப் பையோடு ஒழுங்கையைச் சுற்றி மாமியின் வாசல் படலைக்குப் போனேன்.

"மாமி, பொட்டை ஏன் அடைப்பிச்சனீங்கள்?"

"நானோ? அது உங்கடை வேலி பிள்ளை. கொம்மாதான் என்னை வரவேண்டாம் எண்டு அடைப்பிச்சவ எண்டெல்லே நான் இருக்கிறன்." மாமி சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்.

பொட்டை விடச் சொல்லி யாரும் யாருக்கும் ஒருநாளும் சொன்னதில்லை. பழைய ஆளுக்குத் தெரியும், புது ஆட்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். விஷயம் தெரிந்ததும் அம்மா தானே கத்தியோடு வந்து கிடுகை வெட்டினார். ஒரு சொல்லை வைத்து இரண்டு வீட்டுக் கோபத்தைத் தீர்த்தேன் என்று எனக்குக் கனகாலம் தலைக்கனம் இருந்தது.

மாமி கனடாவுக்கு மகனிடம் போய்ப் பதினெட்டு வருடம். கிடுகும் அதைத் தாங்கி நின்ற கதியால் மரங்களும் போய், போன மாதம் அந்த எல்லையில் மதில் எழுப்பினேன். வேலை முடிந்த அன்று அம்மா பொல்லை ஊன்றிக்கொண்டு வந்து, மதிலைத் தடவிப் பார்த்து, "புஷ்பம் வந்தா எதாலை வாறது?" என்று கேட்டார்.

வரமாட்டார் என்று நானாகவே எடுத்துக்கொண்டு, ஒருவரையும் கேளாமல் கட்டியிருக்கிறேன். மறுநாள் மேசனைத் திரும்பக் கூப்பிட்டேன்.