கண்டக்டர் அண்ணாச்சியின் தாழிக்காடு

வீரசோழனில் அரிசி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கண்டக்டர் முத்திருளப்பன் அண்ணாச்சியின் மகள். "சித்தப்பா, அப்பா போயிட்டாக" என்றாள். மீதி மூட்டைகளோடு லோடு ஆட்டோவைத் திருப்பினேன். நரிக்குடி வந்ததும் தெரியாது, திருச்சுழி போனதும் தெரியாது. என் வண்டி பறந்த வேகத்தில் மதுரை பஸ் இரண்டு ஒதுங்கி வழிவிட்டன. அருப்புக்கோட்டையில் வீட்டு வாசலில் அவரை மாலை போட்டு நாற்காலியில் சாய்த்து வைத்திருந்தார்கள். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஞாயிறுதோறும் அவரோடு பழைய கல்லும் பானை ஓடும் தேடி அலைந்த நம் குழுவுக்கு இது தெரியும். பஸ் வேலையை விட்ட பிறகும் நின்றுகொண்டே சாப்பிட்ட மனுசன். என் வண்டியிலும் பின்னால் நின்றுகொண்டுதான் வருவார். மேடு கண்ட இடத்தில் விசில் அடிப்பார், நான் பிரேக் அடிக்க வேண்டும். முதல் மழை விழுந்தால் ஊரே விதை தேடும், அவர் என்னைத் தேடுவார். மண் கரைந்து பழைய ஓடுகள் வெளியே தெரியும் நேரம் அது.

அப்படி ஒரு மழைக்குப் பிறகு எனக்கொரு கறுப்பு சிவப்பு ஓடு கிடைத்தது. யானைக் காது அகலம் இருக்கும். எடுத்து வண்டியில் போட்டேன். பாதி வழியில் பார்த்துவிட்டுத் திருப்பச் சொன்னார். வெயிலில் அந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்துத் திரும்ப வைக்கும்வரை விடவில்லை. "இடத்த விட்டு எடுத்த ஓடு டிக்கெட் இல்லாத ஆளுலே. எங்க ஏறுச்சுன்னு கேட்டா யாரு சொல்லுவா?" என்றார்.

ஆனால் அவரே ஒரு முறை வாய்விட்டு மாட்டிக்கொண்டார். செத்தவர்களின் எலும்பை வைத்துப் புதைத்த பெரிய பானைகள், முதுமக்கள் தாழிகள், ஒரு புஞ்சையில் இருப்பதைச் சந்தோசத்தில் டீக்கடையில் சொல்லிவிட்டார். புதையல் என்று நினைத்து யாரோ கடப்பாரையோடு போய்விட்டார்கள். நாங்கள் பார்க்கும்போது தாழி ஒன்றுகூட முழுசாக இல்லை. அவர் அந்தக் குழிகளைச் சுற்றிச் சுற்றி நடந்தார். தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை.

அதனால்தான் குண்டாற்றுக்குத் தெற்கே சீமைக்கருவேலங்காட்டுக்குள் வரிசையாகத் தாழி வாய்கள் தெரிந்தபோது நான் வாயே திறக்கமாட்டேன் என்று சத்தியம் பண்ணப் போனேன். அவர் சிரித்தார். "நீ போய்ச் சொல்லு. நல்லா ஏத்திச் சொல்லு" என்றார்.

சொன்னேன். அந்தக் காட்டுக்கு அடியில் ஒரு ராசாவின் அரண்மனையே இருக்கிறது, தங்கத் தேர் நிற்கிறது, சக்கரத்தை நானே தொட்டுப் பார்த்தேன் என்று டீக்கடையில் விவரித்தேன். டீ ஆற்றிக்கொண்டிருந்தவன் கேட்டான், "தேருக்கு ஸ்டெப்னி இருக்கா மாமா?" கடையே சிரித்தது. அந்தப் பக்கம் ஒரு குருவிகூட எட்டிப் பார்க்கவில்லை. அண்ணாச்சி என் தோளைத் தட்டிச் சொன்னார், "ஒன் வாயை மாதிரி வேலி கெடைக்காதுலே." இந்தச் சுற்றுவட்டாரத்தில் பேசியே ஒரு காட்டைக் காவல் காத்தவன் என்னைத் தவிர எவனும் இல்லை.

தொல்லியல் துறையிலிருந்து ஆள் வந்ததும் உங்களுக்கும் காட்டுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குள் நெஞ்சுவலி முந்திவிட்டது.

காரியம் முடிந்த மறுநாள் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. போய்ப் பார்த்தேன். நிலம் கைமாறியிருக்கிறது. வடக்கு ஓரத்திலிருந்து ஜேசிபி கருவேலத்தைத் தூரோடு பிடுங்கிக்கொண்டு வருகிறது. தாழிகளுக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான். டிரைவரிடம் சொன்னேன். அவனும் அந்த டீக்கடையில் டீ குடிக்கிறவன்தான். "தேரை எடுத்துட்டுப் போங்க மாமா, நான் ஒதுங்கிக்கிறேன்" என்றான். உங்களுக்குப் போட்டோ அனுப்பினேன். உடைந்த பூந்தொட்டி என்று ஒருவர் பதில் போட்டார். இன்னொருவர் இந்தத் தடவை தேரா, யானையா என்று கேட்டார். உங்களைக் குறை சொல்லவில்லை. அண்ணாச்சி என்னை வைத்துப் போட்ட வேலி அவ்வளவு பலம்.

இப்போது அந்த வேலியை நானே பிரிக்கிறேன். தங்கம் இல்லை. தேர் இல்லை. ராசாவும் இல்லை. மண்ணோடு மண்ணாகக் கொஞ்சம் தாழி வாய்கள் தெரிகின்றன, சுற்றி ஓடுகள் கிடக்கின்றன, அவ்வளவுதான். தாசில்தார் முன்னால் நான் ஒருவன் நின்றால் அது வெறும் கதை. நாம் எல்லோரும் பார்த்துவிட்டுப் போய் நின்றால், நிறுத்தி வையுங்கள் என்று கேட்கலாம்.

அண்ணாச்சியிடமிருந்து எனக்கு வந்தவை இரண்டு. மகள் கொடுத்த விசில். என்னைத் தவிர உயிரோடு யாருக்கும் சரியாகத் தெரியாத அந்த இடம். ஞாயிறு காலை பஸ் ஸ்டாண்டு எதிரில் வண்டியோடு நிற்பேன், விசில் கேட்டதும் ஏறிக்கொள்ளுங்கள். வந்து பார்த்துவிட்டு என்னைப் புளுகன் என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். பார்க்காமல் சொல்லிவிடாதீர்கள்.