மதினியின் ஆயிரம் ரூபாயும் சீத்தா கேம்ப்பில் இருந்த போனும்

கடையம் பக்கத்துக் கிராமத்திலிருந்து நான் மதினி என்று கூப்பிடும் என் நாத்தனார் பேச்சியம்மாள் போன புரட்டாசியில் மும்பைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார். ஊர் சுற்றிப் பார்க்க அல்ல, பதினான்கு மாதமாகக் கைக்கு வராத பணத்தைத் தேடி. குடும்பத் தலைவிகளுக்கு அரசு மாதாமாதம் வங்கியில் போடும் ஆயிரம் ரூபாய் அது. இணையத்தில் பார்த்தால் "செலுத்தப்பட்டது" என்று இருக்கும். ஊர் வங்கிப் புத்தகத்திலோ ஒன்றும் ஏறியிருக்காது. "உன் பேர வெட்டியிருப்பாக" என்று ஊரில் ஆளாளுக்குச் சொல்லிவிட்டார்கள்.

நான் அந்தப் பக்கத்தை மூன்று முறை நிதானமாகப் படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. பணம் போயிருந்தது செம்பூரில் உள்ள ஒரு வங்கிக்கு. மதினி குடும்பம் முன்பு மூன்று வருடம் இங்கே மும்பையில், சீத்தா கேம்ப்பில் இருந்தது. எனக்கு அண்ணன் முறையாகும் அவர் வீட்டுக்காரர் அங்கே ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தார். அப்போது திறந்த கணக்கில்தான் ஆதார் கடைசியாக இணைந்திருக்கிறது, அரசுப் பணம் அதற்குத்தான் போகும். அண்ணனுக்கு இடுப்பு விழுந்து ஊருக்குத் திரும்பியதும் அந்தக் கணக்கை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

திருநெல்வேலியிலிருந்து தாதருக்கு ஸ்லீப்பர் 770 ரூபாய், ஒன்றரை நாள் பயணம். மதினி செவ்வாய் காலை வந்தார். வியாழன் திரும்ப டிக்கெட். ஐப்பசி மழைக்கு முன்னால் கூரைக்குத் தகரம் போட்டாக வேண்டும். போன வருடம் ஒழுகி, மதினி பீடி சுற்ற வாங்கி வைத்த இலைக் கட்டு முழுக்க நனைந்து, சுற்றியதில் பாதியைப் பீடிக் கம்பெனியில் கழித்துவிட்டார்கள். இந்த வருடமும் அப்படி ஆனால் இலை கொடுப்பதையே நிறுத்திவிடுவார்கள். அண்ணனால் வேலைக்குப் போக முடியாது. அந்த வீட்டில் ஓடும் ஒரே கை மதினியுடையதுதான்.

புதன் காலை 9.20க்கு மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் எங்கள் வீட்டில் விளக்கேற்றிவிட்டுக் கிளம்பினோம். சயான் ஸ்டேஷனுக்குக் கால் மணி நேர நடை. அங்கிருந்து குர்லா, குர்லாவில் ஹார்பர் லைனுக்கு மாறிச் செம்பூர். ஒருவருக்கு ஐந்து ரூபாய். குர்லாவில் மேம்பாலம் ஏறி இறங்க வேண்டும், முழங்கால் வலி உள்ளவர்கள் பத்து நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.

ரயிலில் பெண்கள் பெட்டியை இங்கே லேடீஸ் டப்பா என்பார்கள். அதில் எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு தமிழ் அம்மா, "சும்மா வர்ற காசுக்கு இவ்வளவு தூரமா?" என்றார்.

மதினி விடவில்லை. "சும்மா வந்திருந்தா நான் ஏன்க்கா வாரேன்? அது வரமாட்டேங்குன்னுதான கூப்பிட வந்திருக்கேன்."

டப்பாவே சிரித்தது. அந்த அம்மா நகர்ந்து உட்கார்ந்து மதினிக்கு இடம் கொடுத்தார்.

10.45க்கு வங்கி. டோக்கன் எடுத்து ஒரு மணி நேரம் காத்திருந்தோம். கவுன்டரில் இருந்த மராத்திப் பெண் கணக்கைத் திறந்து பார்த்து, பணம் அப்படியே இருக்கிறது என்றாள். மதினி என் கையை இறுக்கிப் பிடித்தார். ஆனால் ஆவணம் புதுப்பிக்காததால் எடுக்க முடியாதாம். விரலை மெஷினில் வைத்தால் புதுப்பித்துவிடலாம்.

வலது கட்டை விரல் ஏறவில்லை. இடதும் ஏறவில்லை. பத்து விரலையும் பார்த்தாயிற்று. முப்பது வருடம் பீடி சுற்றிய விரல்களில் ரேகை எங்கே இருக்கும்? "ஊர்ல பேங்க் மெஷின் கொண்டாற பையனும் இதத்தான் சொல்லுவான், 'ஆச்சி, உங்க வெரலு செத்துப்போச்சு'ன்னு" என்றார் மதினி.

அந்தப் பெண் பொறுமையானவள். விரல் இல்லாவிட்டால் ஆதாரில் உள்ள போனுக்கு ஓ.டி.பி. வரும், அதைச் சொன்னால் போதும் என்று இந்தியில் விளக்கினாள். எந்த நம்பர் என்று கேட்டேன். கடைசி மூன்று எண் மட்டும் காட்டியது. மதினிக்கு அது தெரியவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"ஏட்டி, அப்ப எங்ககிட்ட ஏது போனு? பக்கத்து வீட்டு சல்மாகிட்டதான் இருந்துச்சு. எல்லாத்துக்கும் அவ நம்பரத்தான குடுத்தோம்."

பணம் வாங்கும் கவுன்டர் 3.30க்கு மூடிவிடும் என்றாள் அந்தப் பெண். அப்போது மணி 12.15. சல்மாவின் நம்பரோ எங்களிடம் இல்லை.

செம்பூரிலிருந்து மான்கூர்டுக்கு ரயிலில் ஆளுக்கு ஐந்து ரூபாய், அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் ஆளுக்கு இருபது. சீத்தா கேம்ப்பில் இறங்கியபோது 1.05. மதினி இருந்த சந்தில் ஒற்றை மாடியெல்லாம் மூன்று மாடி ஆகியிருந்தது. ஒன்றேகால் மணி நேரம் அலைந்தோம். முருகா, இந்த விரலில்லாதவளுக்கு ஒரு வழி காட்டு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே நடந்தேன். தண்ணீர்க் குழாயடியில் விசாரித்தால், குடத்தைத் தூக்கிய அம்மாவே சல்மா.

"யா அல்லாஹ், பேச்சியா? எளச்சிப் போயிட்டியேம்மா!"

விஷயத்தைச் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டார். "மாசாமாசம் ஆயிரம் வந்திருக்குன்னு மெசேஜ் வரும். யாரு நமக்குச் சும்மா போடுவா, ஃப்ராடுதான், தொடாத மம்மின்னு எம்மவ அழிச்சிருவா. ஒன் காசத்தானா நாங்க பதினாலு மாசமா அழிச்சோம்?"

"மெசேஜத்தான அழிச்ச, காச அழிக்கலல்லா. வா, கெளம்பு" என்றார் மதினி.

சாப்பிடாமல் விடமாட்டேன் என்றார் சல்மா. மணியைக் காட்டினேன். சோற்றை டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டார். மூன்று பேரும் ஆட்டோவில் மீட்டருக்கு 118 ரூபாய் கொடுத்து 3.05க்கு வங்கி வாசலில் இறங்கினோம்.

சல்மாவின் போன் சிணுங்கியது. ஆறு எண்களையும் கவுன்டருக்கே கேட்கும்படி உரக்கப் படித்தார். 3.20க்குக் கணக்கு உயிர்பெற்றது. பதினாலாயிரமும் வட்டி 218 ரூபாயும் இருந்தது. மதினி எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டுப் பன்னிரண்டாயிரம் வாங்கினார்.

இனி எந்த நம்பருக்கு மெசேஜ் வர வேண்டும் என்று அந்தப் பெண் கேட்டாள். நான் என் நம்பரைச் சொல்ல வாயெடுத்தேன். எனக்குத்தான் படிக்கத் தெரியுமே என்ற எண்ணம். மதினி என்னைத் தடுத்தார். "ஒன் நம்பரும் வேண்டாம், ஒருத்தி நம்பரும் வேண்டாம்." இடுப்பில் செருகியிருந்த சின்னப் பட்டன் போனை எடுத்துக் கவுன்டரில் வைத்தார்.

செம்பூர் முருகன் கோயில் வாசல்படியில் உட்கார்ந்து சல்மாவின் சோற்றை மூன்று பேரும் சாப்பிட்டோம். நாங்களும் சல்மாவும் வீடு திரும்பும் செலவையும் சேர்த்து உள்ளூர்ச் செலவு மொத்தம் 213 ரூபாய். ரயிலுக்குப் போக வர 1,540. பீடி சுற்றாத ஐந்து நாள் கூலி தனி. ஆயிரம் ரூபாய் பெரிதா என்று கேட்பவர்கள் இதையும் கூட்டிப் பார்க்கட்டும். கொடுக்கிறவர்கள் கொடுத்துவிட்டார்கள். வாங்கும் கை வரைக்கும் அது வந்து சேர்வதுதான் பெரிய பயணம்.

ஊரில் உதவித்தொகை வரவில்லை என்று யாராவது சொன்னால், பேரை வெட்டிவிட்டார்கள் என்று முடிவு கட்டாதீர்கள். வெளியூரில் எப்போதாவது கணக்குத் திறந்தீர்களா என்று முதலில் கேளுங்கள். ஆதாரில் யார் நம்பர் இருக்கிறது என்று பாருங்கள். ரயில் ஏறுவதற்கு முன்னால் அந்த நம்பர்க்காரரைக் கண்டுபிடித்துவிட்டால் எங்களைப் போல அலைய வேண்டாம். வங்கிக்கு ஆதார், பான் அட்டை, இரண்டு போட்டோ போதும். விரல் தேய்ந்தவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். அப்படியே, பணம் இனி ஊர்க் கணக்குக்கே வரும்படி ஊர் வங்கியில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். மதினியும் எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஐப்பசி பிறந்து நான்காம் நாள் மதினியின் நம்பரிலிருந்து எனக்கு போன் வந்தது. ஒரே இரைச்சல், ஒரு வார்த்தையும் புரியவில்லை.

"மதினி, சிக்னல் இல்ல போல, கேக்கல!"

"சிக்னல்லாம் இருக்குட்டி. மழ. தகரத்துல அடிக்கி" என்று கத்தினார். "எல எல்லாம் காஞ்சு கெடக்கு. நீ செத்த நேரம் பேசாம கேளு."

கேட்டுக்கொண்டிருந்தேன்.